மரங்களில் வளரும் பெரிய தட்டுக் காளான்களை அடையாளம் காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

குல்மோகர், தூங்குமூஞ்சி, வாகை, புங்கன் என்று நம் தெருக்களில் நிற்கும் மரங்களின் அடியில், மழை தொடங்கிச் சில வாரங்களில் வெள்ளையாக ஒரு உருண்டை பிதுங்கும். நாளடைவில் அது அரைவட்டமாக விரிந்து, செம்பழுப்பு நிறமேறி, விரலால் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுகிவிடும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவர்களிலும் பலர், மரத்துக்கு நல்லது என்று நினைத்து உதைத்துத் தள்ளிவிடுகிறார்கள்.

தள்ளிவிடுவதால் மரத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. வெளியே தெரிவது காளானின் வித்துகளைப் பரப்பும் உறுப்பு மட்டும்தான். உண்மையான பூஞ்சை, இழை இழையாக, மரத்துக்குள்ளே பல காலமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. தட்டைப் பெயர்த்தெடுத்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். மரத்தின் நிலையைச் சொல்ல வெளியே இருந்த ஒரே சாட்சிதான் போகும். அதனால்தான் இந்தக் காளான்களை அடையாளம் காணத் தெரிந்திருப்பது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகாட்டியை வைத்து, பெரும்பாலும் ‘எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது’ என்பது வரை போகலாம். இனத்தின் துல்லியமான பெயருக்கு நுண்ணோக்கியும், பல சமயம் மரபணுச் சோதனையும் தேவை. ஆனால் மரத்துக்கு என்ன ஆகிறது என்று புரிந்துகொள்ளக் கூட்டத்தின் பெயரே பெரும்பாலும் போதும்.

தேவையான பொருட்கள்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு சிறு கத்தி, அளவு நாடா, ஈரத் துணி, காகித உறைகள், கேமரா உள்ள கைபேசி. கெட்டியான காளானை வெட்ட மெல்லிய பல் கொண்ட ரம்பம் ஒன்று. ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் முகக்கவசமும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் வித்துத்தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்து மாதிரி அழுகிவிடும்.

படி 1: முதலில் மரம், அப்புறம் காளான்

மரத்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி ஊசியிலை மரங்களைத் தவிர்த்த மற்ற மரங்களுக்கானது. நம் சமவெளியில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே அப்படிப்பட்டவைதான். இலை ஊசியாகத் தெரிந்தாலும் சவுக்கும் இதில் சேரும். அது பூக்கும் தாவரம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நட்டிருக்கும் பைன், சைப்ரஸ் மரங்களில் வேறு வகைக் காளான்கள் வரும் என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

மரம் உயிரோடு இருக்கிறதா, பாதி பட்டுப்போனதா, வெட்டிய அடிக்கட்டையா, விழுந்து கிடக்கும் தண்டா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வாய்ப்புகள் கழிந்துவிடும். உச்சிக் கிளைகள் காய்ந்திருக்கின்றனவா, இலை சிறுத்திருக்கிறதா, பட்டையில் பிளவோ கசிவோ உண்டா, அடியில் வேர் வெட்டுப்பட்ட தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டி வேரை அறுத்த இடங்களில் இந்தக் கேள்வி மிக முக்கியம். வெட்டுப்பட்ட வேர் பூஞ்சைக்குத் திறந்த வாசல்.

படி 2: மரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது?

என் பார்வையில் அடையாளம் காண்பதில் அதிகம் உதவுவது இதுதான், எல்லோரும் அதிகம் தவறவிடுவதும் இதுதான். காளானை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்துவிட்டு, அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கேட்டால் பலருக்கும் நினைவிருக்காது.

அடிமரத்தில், தரையை ஒட்டி, அல்லது மரத்திலிருந்து சற்றுத் தள்ளி மண்ணிலிருந்தே முளைத்ததுபோல் இருந்தால் முதலில் நினைக்க வேண்டிய பெயர் கேனோடெர்மா. மண்ணிலிருந்து வந்ததாகத் தெரிந்தாலும் அதன் கீழே மரத்தின் வேரோ, எப்போதோ வெட்டிய பழைய மரத்தின் அடிக்கட்டையோ புதைந்திருக்கும். பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் அழிக்கிறது என்பதற்கு இந்த இடமே அடையாளம்.

தண்டில் ஆள் உயரத்துக்கோ அதற்கு மேலோ, முறிந்த கிளையின் தழும்பருகே, பட்டையோடு ஒன்றிப்போன கறுத்த தட்டாக இருந்தால் ஃபெல்லினஸ் கூட்டத்தைச் சந்தேகியுங்கள். இவை பெரும்பாலும் மரத்தின் வைரப் பகுதியை அழிப்பவை. மரம் பச்சைப் பசேலென்று இருந்துகொண்டே நடுத்தண்டு உளுத்துப்போகக் காரணம் இப்படிப்பட்ட பூஞ்சைகள்தான்.

பட்டுப்போன கிளை, விழுந்த தண்டு, வெட்டிய கட்டை ஆகியவற்றில் மெல்லிய தட்டுகளாக வரிசையாக இருந்தால் அவை பெரும்பாலும் செத்த கட்டையை மக்கச் செய்யும் காளான்கள். ட்ராமீட்டஸ், ஹெக்ஸகோனியா போன்றவை இதில் வரும். காட்டுக்கும் தோப்புக்கும் இவை வேண்டியவை. இவற்றைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

படி 3: குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்

மேல்பக்கத்து நிறம் வெயிலாலும் வயதாலும் தூசியாலும் மாறிக்கொண்டே இருக்கும். அடிப்பக்கம் அவ்வளவு ஏமாற்றாது. கைபேசியின் முன்கேமராவைத் திருப்பிக் கீழே நீட்டினால் காளானைப் பெயர்க்காமலே பார்க்கலாம்.

பெரிய தட்டுக் காளான்களில் பெரும்பாலானவற்றின் அடிப்பக்கம் நுண்துளைகளால் ஆனது. கைலென்ஸில் பார்த்து, 1 மில்லிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளைகள் என்று எண்ணுங்கள். கேனோடெர்மாவில் 4 முதல் 6 வரை இருக்கும். வெறும் கண்ணுக்குச் சமதளமாகவே தெரியும். ஃபெல்லினஸ் கூட்டத்திலும் துளைகள் மிக நுண்ணியவை. அதற்கு மாறாக ஹெக்ஸகோனியாவில் தேனடையைப் போன்ற அறுகோணக் குழிகள் கண்ணுக்கே தெரியும். துளைக்குப் பதில் புதிர்ப்பாதைபோல் வளைந்து ஓடும் பள்ளங்களோ, தகடு தகடாகச் செதில்களோ இருந்தால் அது வேறு கூட்டம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நகத்தால் அடிப்பக்கத்தில் லேசாக ஒரு கோடு கீறுங்கள். வெள்ளையாக இருந்த பரப்பு உடனே பழுப்பாக மாறி, அந்தக் கோடு அப்படியே நின்றுவிட்டால் கேனோடெர்மாவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மேலை நாடுகளில் கேனோடெர்மா அப்ளனேட்டம் என்ற இனத்தின் அடியில் ஊசியால் படம் வரைந்து உலர்த்தி வைக்கும் வழக்கம் இருப்பது இந்தக் குணத்தால்தான். முதிர்ந்து வளர்ச்சி நின்ற காளானில் அடிப்பக்கமே பழுப்பாகிவிடும். அப்போது இந்தச் சோதனை பலிக்காது.

துளைகளே இல்லையா? அப்படியானால் அது நாம் தேடும் காளானா என்றே மறுபடி யோசியுங்கள். வேம்பின் பிசின் கட்டி, மரத்தின் சொந்த முடிச்சு, கரையான் மண் ஆகியவற்றைக் காளான் என்று நினைத்துப் படம் அனுப்புகிறவர்கள் உண்டு. பட்ட கட்டையில் கறுப்பாக, அரை உருண்டையாக, வெட்டினால் உள்ளே வளையம் வளையமாகத் தெரிவது டால்டினியா. அது பூஞ்சைதான், ஆனால் தட்டுக் காளான் இல்லை.

படி 4: மேல்பக்கம், ஓரம், ஒட்டியிருக்கும் விதம்

ஈரத் துணியால் மேல்பக்கத்தின் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். கேனோடெர்மா தன் வித்துத்தூளையே தன் மேல் கொட்டிக்கொள்ளும். காற்றின் சுழலில் தூள் மேலே வந்து படிந்துவிடுகிறது. அதனால் பளபளப்பான இனம்கூட மங்கலான பழுப்பாகத் தெரியும். துடைத்தபின் வார்னிஷ் அடித்ததுபோல் மின்னினால் அது பளபளப்புக் கேனோடெர்மா. துடைத்தும் மங்கலாகவே இருந்தால் மற்றப் பிரிவான மங்கல் கேனோடெர்மா.

ஓரம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ, மென்மையாக, தடித்து இருந்தால் இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வளரும்போது அருகில் உள்ள புல்லையும் குச்சியையும்கூட உள்ளே வைத்து மூடிக்கொண்டு வளரும். வெட்டும்போது காளானுக்குள் புல் தண்டு தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்தக் காளான்களுக்குக் கீழ் எது மேல் எது என்று திட்டமாகத் தெரியும். துளைகள் நேராகத் தரையை நோக்கி இருந்தால்தான் வித்து தடையில்லாமல் விழும். நிற்கும் மரத்தில் வளர்ந்த காளான், மரம் சாய்ந்தபின் தன் திசை தவறியதை உணர்ந்து, பழைய தட்டுக்குச் செங்குத்தாகப் புதிய தட்டை வளர்க்கத் தொடங்கும். எனவே விழுந்து கிடக்கும் மரத்தில் தட்டுகள் பக்கவாட்டில் நின்றால், காளான் முதலில் வந்தது, மரம் பிறகு விழுந்தது. தட்டுகள் தரைக்குக் கிடையாக இருந்தால் மரம் விழுந்தபின் அவை வளர்ந்தவை. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டு காலமும் அதில் பதிவாகியிருக்கிறது. புயலில் விழுந்த மரத்தைப் பார்க்கும்போது இந்த ஒரு குறிப்பு மிகவும் உதவும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அப்படிப்பட்ட நேரங்களில் ‘காற்று தள்ளியது’ என்பதோடு நிறுத்திவிடாமல், விழுந்த மரத்தின் வேர்ப்பகுதியில் தட்டுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று பார்த்தால், காற்றுக்கு முன்பே அங்கே பூஞ்சை இருந்ததா என்று தெரிந்துவிடும்.

படி 5: ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள்

பல தட்டுகள் இருந்தால் ஒன்றை மட்டும், மேலிருந்து கீழாகக் குறுக்கே வெட்டுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் வெட்டாமல் விடுவது நல்லது, படமே போதும். பிறர் நிலத்திலோ பூங்காவிலோ வெட்டுவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். காப்புக்காட்டில் எதையும் எடுக்கக் கூடாது.

வெட்டுமுகத்தில் மேலே தோல், நடுவே சதை, கீழே குழாய் அடுக்கு என்று மூன்று பகுதிகள் தெரியும். சதையின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையா, வெளிர் மரநிறமா, காப்பிப் பழுப்பா, மஞ்சள் கலந்த துருநிறமா? துருநிறம் ஃபெல்லினஸ் பக்கம் கைகாட்டும். பழுப்பு என்றால் கேனோடெர்மா. வெள்ளை அல்லது வெளிர்நிறம் என்றால் ட்ராமீட்டஸ் வகையறா.

குழாய் அடுக்கு ஒன்றுதானா, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பலவா? பல அடுக்குகள் இருந்தால் அது பல பருவம் வாழும் காளான். குளிர்நாடுகளில் ஒரு அடுக்கு ஒரு வருடம் என்று கணக்கிடுவார்கள். நம் ஊரில் அப்படி எண்ணக் கூடாது. மழை இரண்டு முறை பெய்து ஓய்ந்தால் வளர்ச்சியும் இரண்டு முறை நின்று தொடங்கலாம்.

படி 6: வித்துத்தூளின் நிறம்

கேனோடெர்மாவுக்கு இது சுலபம். காளானுக்குக் கீழே உள்ள இலை, புல், மண் மேல் கோகோ நிறத்தில் தூள் படிந்திருக்கும். அப்ளனேட்டம் இனத்தின் ஒரு பெரிய தட்டு, வளரும் பருவத்தில் ஒரே நாளில் சுமார் 3,000 கோடி வித்துகளைக் கொட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்குக் கொட்டினால் தரை நிறம் மாறத்தானே செய்யும்!

மற்றவற்றுக்கு, புதிதாக வளரும் ஒரு துண்டை எடுத்து, அடிப்பக்கம் கீழே இருக்குமாறு பாதி வெள்ளைக் காகிதத்திலும் பாதி கறுப்புக் காகிதத்திலும் வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, ஒரு இரவு விடுங்கள். ட்ராமீட்டஸ், ஹெக்ஸகோனியா போன்றவற்றின் தூள் வெள்ளை. கறுப்புக் காகிதத்தில்தான் தெரியும். காய்ந்து இறுகிய காளானில் தூள் விழாது.

நுண்ணோக்கி கிடைத்தால் கேனோடெர்மாவை ஐயமில்லாமல் உறுதி செய்யலாம். அதன் வித்து இரட்டைச் சுவர் கொண்டது, ஒரு முனை வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். வேறு கூட்டங்களில் இந்த அமைப்பைப் பார்ப்பது அரிது. கல்லூரித் தாவரவியல் ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஆர்வத்தோடு உதவுவார்கள்.

படி 7: பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை (விருப்பம் இருந்தால்)

5 சதவீதக் கரைசலில் ஒரு சொட்டை, வெட்டிய சதையின் மேல் விடுங்கள். ஃபெல்லினஸ் கூட்டம் முழுவதும் உடனே கறுத்துவிடும், அந்தக் கறுப்பு போகாது. வெளிர் சதையுள்ள காளான்களில் மஞ்சளாகலாம், அல்லது மாற்றமே இருக்காது. கேனோடெர்மாவின் பழுப்புச் சதையும் ஓரளவு கறுக்கும் என்பதால், இந்த இரண்டையும் பிரிக்க இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அடிப்பக்கக் கீறலும் வித்துத்தூளும் சேர்ந்துதான் அதைத் தீர்க்கும். கரைசல் தோலை அரிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம், குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

இப்போது பெயர்களுக்கு வருவோம்

*பளபளப்புக் கேனோடெர்மா.* அடிமரம், வேர், அடிக்கட்டை. செம்பழுப்பு முதல் கருஞ்சிவப்பு வரை, மின்னும் தோல், வெள்ளை அல்லது மஞ்சள் ஓரம். பக்கவாட்டில் காம்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு பருவம்தான் வாழும். பிறகு பூச்சிகள் துளைத்து உதிர்ந்துபோகும். குல்மோகர், வாகை, புங்கன், சவுக்கு என்று பல மரங்களைத் தாக்கும். நம் நாட்டில் இதை வெகுகாலமாக கேனோடெர்மா லூசிடம் என்றே எழுதி வந்தார்கள். அந்தப் பெயர் 1781இல் இங்கிலாந்து மாதிரியை வைத்து வைக்கப்பட்டது. வெப்ப நாடுகளில் அந்தப் பெயரில் குறிப்பிடப்பட்டவற்றில் பல வேறு இனங்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. அதனால் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது ‘லூசிடம்’ என்று அடித்துச் சொன்னால், ‘பளபளப்புக் கேனோடெர்மா கூட்டம்’ என்று எழுதிக்கொள்வதே சரி.

*மங்கல் கேனோடெர்மா.* இதுதான் உண்மையிலேயே பெரிதாக வளர்வது. அரை மீட்டர் அகலத்தைத் தாண்டும் தட்டுகள் உண்டு. மேலே சாம்பல் பழுப்பு, மேடு பள்ளமான வளையங்கள், கடினமான மேல்தோல். கீழே வெள்ளை, கீறினால் பழுப்பு. பல பருவம் வாழும், குழாய் அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரும். அப்ளனேட்டம், ஆஸ்ட்ராலே என்ற இரண்டு பெயர்களும் இதற்குச் சொல்லப்படும். வெப்பமண்டலத்தில் கிடைப்பவை பெரும்பாலும் ஆஸ்ட்ராலே கூட்டத்தைச் சேர்ந்தவை.

*ஃபெல்லினஸ், ஃபுல்விஃபோமஸ் கூட்டம்.* புளி, கருவேலம் போன்ற வயதான மரங்களில், தண்டிலோ பெரிய கிளையிலோ பார்க்கலாம். கறுத்த மேல்பக்கம், வயதாக ஆக வெடித்து வெடித்துப் பிளந்திருக்கும். கத்தி இறங்காத கடினம். அடிப்பக்கம் பழுப்பு, சதை துருநிறம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கறுப்பு. கேனோடெர்மாவோடு குழப்பிக்கொள்ளும் ஒரே பெரிய கூட்டம் இதுதான். அடிப்பக்கம் புதிதாக வளரும்போதும் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாகவே இருந்தால் ஃபெல்லினஸ் என்று கொள்ளலாம்.

*செத்த கட்டையில் வருபவை.* நல்ல ஆரஞ்சுச் சிவப்பில் மெல்லிய தட்டாக வெயில்படும் கட்டையில் இருப்பது பிக்னோபோரஸ் சாங்குயினியஸ். வேறொன்றோடு குழப்பவே முடியாத நிறம். மேலே கருஞ்சிவப்புத் தோலும் வெள்ளை ஓரமும் கொண்டு கட்டையோடு படர்ந்திருப்பது எர்லியெல்லா. மேல்பக்கம் முரட்டு முடியோடு, கீழே பெரிய அறுகோணக் குழிகளோடு இருப்பது ஹெக்ஸகோனியா ஏபியேரியா. வெள்ளைச் சிறு விசிறிகளாக, அடியில் நீளவாக்கில் பிளந்த செதில்களோடு இருப்பது ஷைஸோஃபில்லம். இது சிறியதுதான் என்றாலும் எங்கும் இருப்பதால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

*ரப்பர் தோட்டங்களில்.* இலங்கையிலும் மலேசியாவிலும் ரப்பர் மரத்தின் அடியில் ஆரஞ்சு நிறத் தட்டுகள், மஞ்சள் ஓரத்தோடு, ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் அது ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ். வெள்ளை வேர் நோய் என்று தோட்டத்தில் சொல்வது இதைத்தான். வேரில் வெள்ளைக் கயிறுகளாக ஓடி, பக்கத்து மரத்துக்கும் தாவும். தட்டு வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

*தென்னையில்.* தென்னை பனையின் இனம், இதுவரை சொன்ன மரங்களைப் போன்றது இல்லை, ஆனால் விட்டுவிட முடியாது. அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்து, அடியில் பளபளப்புக் கேனோடெர்மா முளைப்பது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர். தோப்பு ஓரத்தில் நிற்கும் குல்மோகரிலோ புங்கனிலோ கேனோடெர்மாவைப் பார்த்தால், தோப்புக்காரருக்கு உடனே சொல்லிவிடுங்கள். தென்னைக்கு மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும், நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையும் இடச் சொல்வது வழக்கமான பரிந்துரை. அளவையும் முறையையும் அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

*குளிர்நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்கு.* லண்டனிலோ டொரண்டோவிலோ நடைபோகும்போது பார்ப்பவை வேறு. பிர்ச் மரத்தில் மட்டும் வரும், மேலே வெளிர் பழுப்பாகவும் ஓரம் உள்ளே சுருண்டும் இருப்பது பிர்ச் காளான். பீச், பிர்ச் தண்டில் சாம்பல் வளையங்களோடு குளம்பு வடிவில் தொங்குவது ஃபோமஸ் ஃபோமெண்டேரியஸ். தூள் வெள்ளை என்பதால் கேனோடெர்மாவிலிருந்து பிரித்துவிடலாம். இந்த இரண்டு காளான்களையும், 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட 5,000 ஆண்டுகளுக்கும் பழைய ஊட்ஸி என்ற மனிதன் தன்னோடு வைத்திருந்தான். ஓக்கில் மஞ்சளும் ஆரஞ்சுமாக அடுக்கடுக்காக வருவது லேட்டிபோரஸ். வசந்தத்தில் எல்ம், மேப்பிள் மரங்களில் மேல்பக்கத்தில் பழுப்புச் செதில்களோடு, வெள்ளரி வாசனையோடு வருவது செரியோபோரஸ் ஸ்குவாமோசஸ். ஐரோப்பாவில் மங்கல் கேனோடெர்மாவின் அடியில் சிறு முலைபோல் முடிச்சுகள் தெரிந்தால் அது அப்ளனேட்டம்தான். ஒரு வகை ஈ முட்டையிட்டு உண்டாக்கும் முடிச்சுகள் அவை.

அழுகலையும் பாருங்கள்

காளான் பெயர் தெரியாவிட்டாலும் உளுத்த கட்டை ஒரு தகவல் தரும். கட்டை வெளுத்து, நார் நாராகப் பிரிந்தால் வெள்ளை அழுகல்; மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னின் என்ற பொருளையும் சேர்த்துத் தின்னும் பூஞ்சை. கேனோடெர்மா, ஃபெல்லினஸ், ட்ராமீட்டஸ் எல்லாம் இதில் அடக்கம். கட்டை பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் தேய்த்தால் பொடியானால் பழுப்பு அழுகல். மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸ் போய் லிக்னின் மிஞ்சியிருக்கிறது. லேட்டிபோரஸ், பிர்ச் காளான் இரண்டும் இந்த வகை. நம் சமவெளி மரங்களில் வெள்ளை அழுகலே அதிகம்.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது?

உயிருள்ள மரத்தின் அடியில் கேனோடெர்மா என்று உறுதியானால், அந்த மரத்தின் கீழ் வண்டி நிறுத்துவதையும் கடை போடுவதையும், குறிப்பாகப் புயல் எச்சரிக்கை நாட்களில், தவிர்க்கச் சொல்லுங்கள். இலை பசுமையாக இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். நீர் கடத்தும் வெளிப்பகுதி பிழைத்திருக்கும்வரை உச்சி பச்சையாகவே இருக்கும். தாங்கி நிற்கும் வேர்தான் போயிருக்கும். மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிப் பார்த்தால் உள்ளீடற்ற இடம் ஒலியில் தெரியும். ஆனால் வேர் அழுகல் அந்தத் தட்டலில் தெரியாது.

அதே நேரம், காளான் வந்துவிட்டது என்பதற்காக உடனே மரத்தை வெட்டச் சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். பெரிய தட்டோடு பல ஆண்டுகள் நிற்கும் மரங்கள் இருக்கின்றன. எத்தனை தட்டுகள், மரத்தைச் சுற்றி எவ்வளவு தூரம், சாய்வு இருக்கிறதா, கீழே ஆள் நடமாட்டம் எவ்வளவு என்று பார்த்து, மரங்களைச் சோதிக்கத் தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. கிளைச் சுமையைக் குறைத்தாலே போதும் என்ற நிலையும் உண்டு.

சாப்பிடலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். வேண்டாம். பளபளப்புக் கேனோடெர்மாவை மருந்து என்று கடைகளில் விற்கிறார்கள் என்பதற்காக, இனமே உறுதியாகாத ஒன்றை, வாகனப் புகை படிந்த சாலையோரத்திலிருந்து எடுத்துக் கொதிக்க வைத்துக் குடிப்பது ஆபத்து. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடையில் விற்பதைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பதிவு செய்வது

ஒவ்வொரு காளானுக்கும் ஆறு படங்கள்: முழு மரம், காளான் இருக்கும் இடம் தரையோடு சேர்த்து, மேல்பக்கம், அடிப்பக்கம், பக்கவாட்டுத் தோற்றம், வெட்டியிருந்தால் வெட்டுமுகம். ஒரு படத்திலாவது அளவு நாடா இருக்கட்டும். தேதி, ஊர், மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம், கீறலில் வந்த நிறம், தூளின் நிறம் ஆகியவற்றைக் கூடவே எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் உலகெங்கும் உள்ள காளான் ஆர்வலர்கள் பார்ப்பார்கள். அங்கே செயலி தானாகப் பரிந்துரைக்கும் பெயரை அப்படியே ஏற்காமல், மேலே சொன்ன அடையாளங்களோடு ஒத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகியது.

மாதிரியை வைத்துக்கொள்வதென்றால் 2 சென்டிமீட்டர் தடிமனுக்கு வெட்டி, நிழலில் காற்றோட்டமாக நன்றாக உலர்த்தி, காகித உறையில் விவரம் எழுதி வையுங்கள். ஈரம் மிஞ்சினால் வண்டு வந்து சில மாதங்களில் வெறும் பொடியாக்கிவிடும். இனப்பெயர் வேண்டும் என்றால் உலர்ந்த மாதிரியையும் படங்களையும் சேர்த்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மேனிலை ஆய்வு மையம், கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறை போன்ற இடங்களில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அதே மரத்தை அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி போய்ப் பார்த்து, தட்டுகள் கூடியிருக்கின்றனவா, தண்டைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று அளந்து, பழைய குறிப்பின் கீழே தேதியோடு எழுதுங்கள்.